மதினியின் ஆரஞ்சுச் செடிக்கு எண்ணெய்க் குளியல்

எங்கள் மேலகரத்தில் யார் எந்தப் பழம் தின்பது என்பதைக் குரங்குகள்தான் முடிவு செய்கின்றன. குற்றாலத்தில் கூட்டம் இருக்கிற நாளில் அவை அங்கே வெளியூர்க்காரர்களின் பையைக் கவனித்துக்கொள்ளும். கூட்டம் இல்லாத நாளில் எங்கள் பக்கம் வரும். கொய்யா வைத்தேன், பிஞ்சிலேயே போயிற்று. மாதுளை வைத்தேன், பூவோடு போயிற்று. பப்பாளியை மட்டும் தொடாமல் விட்டன. அது ஆண் மரம் என்று எனக்கு முன்னால் அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் எங்கள் தெருவில் பழச்செடி ஆசை உள்ளவர்கள் எல்லோரும் செடியைத் தொட்டியில் வைத்து வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டோம். செடி கம்பி போட்ட ஹாலில் ஃபேன் காற்றில் சுகமாக நிற்கும். நாங்கள் வெளியே வெயிலில் கம்போடு நிற்போம்.

பக்கத்து வீட்டு மதினியின் ஆரஞ்சுச் செடியும் அப்படி வீட்டுக்குள் வளர்ந்ததுதான். மதினி என்றால் சொந்தமில்லை. அவர்கள் முஸ்லிம் வீடு. முப்பது வருஷமாக நான் அவளை மதினி என்கிறேன், அவளும் என்னை மதினி என்கிறாள். யாருக்கு யார் நாத்தனார் என்று இதுவரை நாங்கள் விசாரித்துக்கொண்டதில்லை.

அந்தச் செடியை வாங்கி வந்தவன் அவளுடைய இளைய மகன். துபாயில் வேலை. போன தடவை லீவில் வந்தபோது திருவனந்தபுரத்தில் இறங்கி, வழியில் ஏதோ நர்சரியில் பார்த்துவிட்டு, ஆரியங்காவு மலைப்பாதை முழுக்க மடியில் வைத்துக்கொண்டே வந்தான். கார் வந்து நின்றதும் பெட்டிகளை விட்டுவிட்டுத் தொட்டியைத்தான் முதலில் தூக்கினான். அப்போது அதில் எண்ணி ஏழெட்டு இலை. அவன் திரும்பிப் போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது. அதற்குப்பின் வரவில்லை. செடி மட்டும் மதினியின் ஜன்னல் ஓரத்தில் வளர்ந்து என் தோள் உயரத்துக்கு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை தோறும் ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைப்பாள். பிள்ளைகளுக்குக்கூட அவள் அப்படி முகம் துடைத்துவிட்டு நான் பார்த்ததில்லை.

இந்த வருஷம் அது பூத்தது. பூத்ததில் பாதி உதிர்ந்தது, மீதியும் உதிர்ந்தது, கடைசியில் மூன்று பிஞ்சு நின்றது. அது பச்சையாகப் பெருத்து வரும் நேரத்தில்தான் மதினிக்கு மூத்த மகன் குடும்பத்தோடு மக்காவுக்கு உம்ரா போக அமைந்தது. முப்பது நாள் வீடு பூட்டிக் கிடக்கும். போவதற்கு முந்தின நாள் தொட்டியைச் சாக்கில் வைத்து இழுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள்.

"மதினி, இது அமானிதம்," என்றாள்.

அமானிதம் என்றால் அவர்கள் பேச்சில் நம்பி ஒப்படைத்த பொருள். கொடுத்தது கொடுத்தபடி திரும்பி வர வேண்டும்.

"மூணு பழம் இருக்கு. நான் வந்த மூணாம் நாளு சின்னவன் துபாய்லருந்து வருதான். மொதப் பழத்த அவன் கையில குடுக்கணும். மூணு வருசமா போன எடுத்தா 'உம்மா, செடி காய்ச்சுட்டா?'ன்னுதான் கேக்குதான். சாப்பிட்டியளான்னு கேக்குதது அதுக்கப்புறந்தான்."

"இப்போ காய்ச்சிருக்குன்னு சொல்லிட்டியளா?"

"சொல்லல. வந்து பாக்கட்டும். நீங்களும் வாயத் தொறக்காதிய."

"நான் எங்க மதினி வாயத் தொறக்கப்போறேன்?"

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு மேலே சொன்னாள். "ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு செம்பு தண்ணி. பிஸ்மி சொல்லி ஊத்துங்க."

"நான் முருகான்னு சொல்லி ஊத்துனா குடிக்காதாக்கும்?"

"குடிக்கும், குடிக்கும். தாகம் எடுத்தா அதுக்கு எதுவும் தெரியாது. மூணு பழம் மதினி. எண்ணிக்கிடுங்க."

எண்ணிக்கொண்டேன்.

முதல் வாரம் செடி ராணி மாதிரி இருந்தது. டீவிக்குப் பக்கத்தில் இடம் கொடுத்திருந்தேன். மதினி மதீனாவில் இருந்து வீடியோவில் கூப்பிட்டால் சலாம் சொல்வதற்கு முன் "செடியக் காட்டுங்க" என்பாள். நான் போனைத் திருப்பிக் காட்டுவேன். என் முகத்தை அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நல்ல வீட்டுச் செடி வந்து தங்கியிருக்கிறதே என்று வெள்ளிக்கிழமை தொட்டியைச் சுற்றி அரிசி மாவில் கோலம் போட்டேன்.

இரண்டாம் வாரம் எறும்பு வந்தது. கறுப்பு எறும்பு. அதைப் பிள்ளையார் எறும்பு என்போம். கடிக்காது. நாங்களும் அடிக்க மாட்டோம். கோல மாவுக்கு வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டு இன்னும் ஒரு கை மாவு தூவினேன். எறும்பு வரிசையாகச் செடியில் ஏறும், இறங்கும், ஏறும். இரண்டு நாளில் இலைக்கும் தண்டுக்கும் நடுவிலே உள்ள கக்கத்தில் வெள்ளை வெள்ளையாக மாவு ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

"ஏட்டி, இங்கன வா," என்று மருமகளைக் கூப்பிட்டேன். அவள் பேங்கில் வேலை பார்க்கிறாள், காலையில் நேரமே இருக்காது. "எறும்பப் பாத்தியா? நான் போடுத மாவ மேல கொண்டுபோயி சேத்து வைக்கி. மழை வரப்போகுதுல்லா. எவ்வளவு சிக்கனம் பாரு."

"சரி அத்தை," என்று டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் விடவில்லை. பால்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆளுக்குக் காட்டினேன். சேமிப்பைப் பற்றி அவருக்கு நாலு வார்த்தை சொன்னேன். அவரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு வெறும் சிலிண்டரை மறந்து வைத்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் தரை பிசுபிசு என்று காலில் ஒட்டியது. இலைகளில் ஒரு மினுக்கம். விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். இனித்தது! செடியே இப்படி இனித்தால் பழம் எப்படி இருக்கும்! எனக்கு எழுதத் தெரியாது, ஆனால் வாட்சப்பில் பேசி அனுப்பத் தெரியும். உடனே அனுப்பினேன்: "மதினி, உங்க செடி தேன் சொட்டுது. நான் நக்கிப் பாத்தேன்." மதினி அழுகிற சிரிப்புப் பொம்மை ஒன்று அனுப்பினாள். நான் அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மருமகள் அந்தப் பிசுபிசுப்பைத் துடைக்கக் குனிந்தாள். துணியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"அத்தை."

"என்னட்டி?"

"மாவு நடக்குது."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். நடந்தது. அவசரமே இல்லாமல், சொந்த வீட்டில் நடப்பது மாதிரி நடந்தது. ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் நூல் நூலாகக் கால். எறும்பு ஒன்று வந்து அதன் முதுகைத் தடவிவிட்டுப் போயிற்று. கன்றுக்குட்டியைத் தடவுகிற மாதிரி.

திங்கட்கிழமை காலையில் ஒரு கிளை நுனியை ஒடித்து டிபன் டப்பாவில் மூடித் தென்காசிக்குப் பஸ் ஏறினேன். அங்கே ஓர் உரக்கடை. கடைக்கார அண்ணாச்சி கணக்கு வழக்கில்லாமல் பூச்சி பார்த்தவர்.

"பூச்சிக்கு மருந்து வேணும் அண்ணாச்சி."

"எத்தன ஏக்கரு ஆச்சி?"

"ஒண்ணு."

பெரிய பாட்டில் ஒன்றை எடுத்து வைத்தார். "நெல்லா, மெளகாயா?"

"ஏக்கரு இல்ல. செடி ஒண்ணு. ஆரஞ்சு."

பாட்டிலைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "எந்தப் பக்கத்து தோட்டம்?"

"தோட்டம் இல்ல அண்ணாச்சி. ஹால்ல, டீவிக்குப் பக்கத்துல நிக்கி."

கடையம் ஊரிலிருந்து வந்த விவசாயிகள் இரண்டு பேர் அங்கே நின்றார்கள். அவர்கள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். தோள் மட்டும் குலுங்கியது.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. நல்ல மனுஷர். "பூச்சின்னா எப்படி? எலைக்கு அடியில நூலாம்படை மாதிரி பின்னி, எலை புள்ளி புள்ளியா வெளுத்திருக்கா? அது செலந்திப்பேன். பழுப்பா சிப்பி மாதிரி தண்டோட ஒட்டிக்கிட்டு, நகத்தால நோண்டுனாத்தான் வருமா? அது செதில் பூச்சி. கொழுந்துல பச்சையா கூட்டமா குந்திருக்கா? அது அசுவினி. இதுல எது?"

நான் டப்பாவைத் திறந்தேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"மாவுப்பூச்சி."

"அதத்தான் நானும் மொதல்லயே மாவுன்னு சொன்னேன்," என்றேன்.

"எறும்பு வருதா?"

"வருது. பாவம், நான்தான் மாவு போட்டு வளக்கேன்."

"எறும்பு உங்க மாவுக்கு வரல ஆச்சி. இந்தப் பூச்சி எலையில சாறு குடிச்சிட்டு இனிப்பா கழியும். அதத் திங்கத்தான் எறும்பு வரும். வேற எதுவும் வந்து பூச்சியத் திங்காம எறும்பு காவலும் காக்கும்."

"இனிப்பா என்ன செய்யும்?"

"கழியும் ஆச்சி. வெளிக்கி போகும்."

கடையத்துக்காரர்கள் இப்போது என்னையே பார்த்தார்கள். நான் தண்ணீர் கேட்டு வாங்கி, தெருவில் இறங்கி, மூன்று தடவை வாய் கொப்பளித்தேன்.

திரும்பி வந்ததும் அண்ணாச்சி ஒரு பாட்டிலை நீட்டினார். "வீட்டுக்குள்ள நிக்குத செடி, காய் வேற இருக்கு. கடுமையான மருந்து வேண்டாம். வேப்பெண்ணெய் போதும்." அதற்குமேல் அவர் ஏதேதோ சொன்னார். ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தார். நானும் தலையை ஆட்டிக்கொண்டே நின்றேன். எழுத்து தெரியாதவர்கள் சீட்டு வாங்கினால் பத்திரமாக வைத்துக்கொள்வோம், படித்தவர்கள்தான் தொலைப்பார்கள். நான் கொண்டுவந்து சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டேன். அதை மருமகளிடம் ஏன் காட்டவில்லை என்று இதை எழுதிக்கொண்டிருக்கிற மருமகளே இப்போது கேட்கிறாள். எண்ணெய் என்ற சொல் காதில் விழுந்த பிறகு எனக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, அதனால்தான்.

குற்றாலத்தைச் சுற்றி இருக்கிறவர்களுக்கு உலகத்தில் ஒரே வைத்தியம்தான். எண்ணெய் தேய், அருவியில் நில். முட்டு வலிக்கு அதுதான், தூக்கம் வராததற்கு அதுதான், மாமியார் மேல் உள்ள கோபத்துக்கும் அதுதான். ஊர் உலகத்தில் இருந்தெல்லாம் பஸ் பிடித்து வந்து நிற்கிறார்கள். நாங்கள் பக்கத்திலேயே இருப்பதால் விருந்தாள் வந்தால்தான் போவோம், அது வேறு கதை. என் இடது கால் முட்டியை மடக்க முடியாமல் கிடந்து, எண்ணெய் தேய்த்து ஒன்பது நாள் அருவியில் நின்று, பத்தாம் நாள் நான் சம்மணம் போட்டுச் சாப்பிட்டேன். மனுஷ உடம்புக்கே கேட்கிற வைத்தியம் இந்தக் குச்சிக்குக் கேட்காதா?

மறுநாள் விடிந்ததும், மருமகள் எழுந்திருப்பதற்கு முன்பே, கிண்ணத்தில் வேப்பெண்ணெயை ஊற்றினேன். உள்ளங்கையில் எடுத்து இலைக்கு மேலே, கீழே, கக்கத்தில், தண்டில் என்று தேய்த்தேன். பிள்ளை பெற்றவளுக்குத் தேய்க்கிற மாதிரி ஒரு இடம் விடாமல் தேய்த்தேன். மூன்று பழத்துக்கும் தேய்த்தேன். அப்போது அவை மஞ்சள் தட்டியிருந்தன. எண்ணெயில் பளபளவென்று அழகாக இருந்தன. பிறகு ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

"எங்க ஆச்சி?" என்றார் ஆட்டோக்காரர்.

"அருவிக்கு."

"இந்நேரத்துல குளிக்கவா? யாரு?"

தொட்டியைக் காட்டினேன். அவர் இறங்கி வந்து தொட்டியை வாங்கி, பின் சீட்டில் ஜன்னல் பக்கம் வைத்து, விழாமல் துண்டால் கட்டினார். "கூச்சப்படாம உக்காரச் சொல்லுங்க," என்றார்.

சாரல் காலம். அருவியில் நல்ல தண்ணீர். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். வேலை நாள் என்பதால் கூட்டம் கொஞ்சம்தான். ஆட்டோக்காரர் தொட்டியைப் படி வரைக்கும் தூக்கி வைத்துவிட்டு, "இதுக்கு மேல லேடீஸ்" என்று போய்விட்டார். நான் தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன்.

"வேண்டுதலா ஆச்சி?" என்றாள் எனக்குப் பின்னால் நின்ற ஒருத்தி.

"இல்லம்மா, சீக்கு."

"யாருக்கு?"

"செடிக்கு."

அவள் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. ஒரு இலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் நின்றவளும் ஒற்றிக்கொண்டாள். வேப்பெண்ணெய் கண் இமையில் பட்டு இரண்டு பேரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "நல்ல சக்தியா இருக்கு" என்று பேசிக்கொண்டார்கள்.

முன்னால் ஒரு பெண் போலீஸ் நின்றாள். சின்னப் பெண். வெளியூர்ப் பேச்சு. மூக்கை உறிஞ்சினாள்.

"என்ன பாட்டி, எண்ணெய் வாடை அடிக்குது?"

"நான் தேய்க்கலம்மா. இது தேய்ச்சிருக்கு."

"அருவியில எண்ணெய், சோப்பு, ஷாம்பு எதுவும் கூடாது. போர்டு வச்சிருக்கோமே, படிக்கலையா?"

"படிக்கத் தெரியாதும்மா."

"சரி, இப்ப நான் சொல்றேன். எண்ணெய் தேய்ச்சவங்க யாரும் குளிக்கக் கூடாது."

"யாருன்னு சொன்னா மனுசங்கதான? செடி எண்ணெய் தேய்க்கக் கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

அவள் யோசித்தாள். நியாயமான பெண். "எழுதல," என்றாள். "ஆனா எண்ணெய் எண்ணெய்தான் பாட்டி. ஓரமா நில்லுங்க, மத்தவங்க போகட்டும்."

நான் தொட்டியைக் கம்பி ஓரத்தில் படிமேல் இறக்கி வைத்துவிட்டு, அவளுக்கு எங்கள் ஊர் வைத்தியத்தை முதலில் இருந்து விளக்க ஆரம்பித்தேன். என் முட்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் என் தோளுக்கு மேல் பார்த்து, "பாட்டி, பாட்டி" என்றாள்.

திரும்பினேன். கம்பிமேல் ஒரு குரங்கு. ஒரு கையில் ஒரு பழம், வாயில் ஒரு பழம். வீட்டுக்குள் ஒளித்து வைத்து வளர்த்ததை நானே ஆட்டோ பிடித்து அதன் வாசலில் கொண்டுபோய் இறக்கியிருக்கிறேன். கையில் இருந்ததை உரித்தது. ஒரு கடி கடித்தது. கீழே போட்டது. வாயில் இருந்ததை எடுத்து அதையும் ஒரு கடி கடித்துப் பார்த்துவிட்டு, என்னை ரொம்பக் கேவலமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, அருவித் தண்ணீரில் வீசிவிட்டுப் போயிற்று. வேப்பெண்ணெய்க் கசப்பு பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

உள்பக்கமாக இலைக்குப் பின்னால் இருந்த சின்னப் பழம் ஒன்று மட்டும் தப்பியது. நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். போலீஸ் பெண் எனக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்தாள். "அழாதீங்க பாட்டி, செடி நல்லாதானே இருக்கு" என்றாள். மூன்று வருஷமாகப் பிள்ளை முகம் பார்க்காதவள், அவனுக்குப் பழம் கொடுக்க வேண்டும் என்று என்னை நம்பி விட்டுப்போனதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் தொட்டியைத் தானே தூக்கி ஆட்டோவில் வைத்தாள். மீதிப் பழத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்தால் மருமகள் இடுப்பில் கை வைத்து நிற்கிறாள். நடந்ததைச் சொன்னேன். அவள் நேரே சாமி படத்துக்குப் பின்னால் கை விட்டாள். என் இடமெல்லாம் அவளுக்குத் தெரியும்.

"அத்தை, ஒரு லிட்டர் தண்ணிக்கு அஞ்சு மில்லி. ரெண்டு சொட்டு சோப்பு. தெளிக்கணும்னு போட்டிருக்கு. அஞ்சு மில்லின்னா ஒரு சின்ன ஸ்பூன். நீங்க எவ்வளவு தேய்ச்சிய?"

"ஒரு கிண்ணம்."

"எந்தக் கிண்ணம்?"

"சாம்பார்க் கிண்ணம்."

மருமகள் கத்துகிற ஆள் இல்லை. அன்றைக்கு பேங்குக்கு லீவு சொன்னாள். எண்ணெயோடு வெயில் பட்டால் இலை கருகிவிடும், அதுவும் சீட்டில் இருந்ததாம். எண்ணெயைப் போக்கச் சீயக்காய் போடலாமா என்று நான் பயந்து பயந்து கேட்டேன். அவள் யோசித்துவிட்டு, "போடலாம், அதுவும் சோப்பு மாதிரிதானே," என்றாள். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான். தொட்டி மண்ணைப் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டி, செடியைக் குளியலறையில் சாய்த்து, சீயக்காய்க் கரைசலை ஒரு இலை விடாமல் பூசி, குழாயில் ஷவரை மாட்டி இலைக்கு அடியில் பீய்ச்சி அடித்தோம். மாவுப்பூச்சி கொத்துக் கொத்தாக விழுந்து சாக்கடை ஓட்டையில் போயிற்று. அருவியில் நடக்க வேண்டியது ஆட்டோ இல்லாமல், போலீஸ் இல்லாமல் எங்கள் குளியலறையிலேயே நடந்தது.

கக்கத்தில் ஒளிந்திருந்த மிச்சத்துக்கு மருமகள் வேறு வழி வைத்திருந்தாள். கொரோனா காலத்தில் வாங்கிக் குவித்த சானிட்டைசர் நாலு பாட்டில் அலமாரியில் கிடந்தது. காது குடைகிற பஞ்சுக்குச்சியை அதில் நனைத்து ஒவ்வொரு பூச்சியாகத் தொட்டாள். தொட்டதும் வெள்ளை கரைந்து பழுப்பாகிச் செத்தது. எறும்பு ஏறாமல் இருக்க அகலத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் கல் வைத்து, அதன்மேல் தொட்டியைத் தூக்கி வைத்தோம். நெய்ச் சட்டியை வைப்பது மாதிரி. கோலத்தை நிறுத்திவிட்டேன். பிள்ளையார் கோபித்துக்கொள்ளவில்லை. முட்டை பொரிந்து புதுக் குஞ்சு வரும் என்பதால் வாரம் ஒரு தடவை இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சீட்டில் எழுதியபடி தெளித்தாள். அளவு ஸ்பூன் அவள் கையில். என் கையில் டார்ச் மட்டும்.

இலை பாதி உதிர்ந்தது. ஆனால் பூச்சி குறைந்தது. ஒற்றைப் பழம் நின்றது.

வீடியோவில் மதினி செடியைக் காட்டச் சொல்லுவாளே! நாலு நாள் நெட் இல்லை என்றேன். ஐந்தாம் நாள் தென்காசி பஜாரில் சின்னதாகப் பார்த்து இரண்டு ஆரஞ்சு வாங்கி வந்து, பூக் கட்டுகிற நாரால் கிளையில் கட்டினேன். மருமகள், "எனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்று சமையலறைக்குள் போய்விட்டாள்.

"என்ன மதினி, எலையெல்லாம் கொறஞ்சு போச்சு?" என்றாள் மதினி மக்காவில் இருந்து.

"பழத்துக்குச் சத்துப் போகுதுல்லா. எலை எதுக்கு?"

"ஆமா, நம்ம பழம் நல்லாத்தான் பெருத்துட்டு."

"எல்லாம் நீங்க அங்க கேக்குத துஆதான் மதினி," என்றேன். சொல்லிவிட்டு அன்று ராச்சோறு இறங்கவில்லை.

மதினி வந்து சேர்ந்த அன்று காலையிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, நாரை அவிழ்த்து, கடைப் பழங்களைத் தட்டில் வைத்திருந்தேன். அவள் ஒரு கையில் பேரீச்சம்பழமும் ஒரு கையில் ஜம்ஜம் தண்ணீருமாக வந்தாள். தட்டைப் பார்த்தாள். செடியைப் பார்த்தாள். சோபாவில் உட்கார்ந்தாள்.

நான் மாவில் ஆரம்பித்து, குரங்கு வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். நக்கியதைக்கூட மறைக்கவில்லை. முடித்ததும் அவள் தட்டில் இருந்து ஒரு பழத்தை எடுத்து என்னிடம் திருப்பிக் காட்டினாள். மேலே சின்னதாக வட்ட ஸ்டிக்கர்.

"நம்ம செடிப் பழத்துக்கு ஸ்டிக்கரு எப்போ மொளச்சுது மதினி?"

"அன்னைக்கே பாத்துட்டியளா? கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீங்க இன்னொரு பொய் சொல்லணும். உம்ராவுக்குப் போன எடத்துல நான் எதுக்கு அதுக்குக் காரணமாகணும்னு விட்டுட்டேன்." பிறகுதான் அவள் முகம் மாறியது. எழுந்து போய் இலையை விலக்கி அந்த ஒற்றைப் பழத்தைத் தொட்டுப் பார்த்தாள். "இது நம்மளதுதான?"

"சத்தியமா மதினி."

"அப்போ இது அவன் வாரது வரைக்கும் நிக்கணும்."

அன்று சாயங்காலம் மகன் போன் செய்தான். கம்பெனியில் லீவை ஒரு வாரம் தள்ளிவிட்டார்களாம். போனை வைத்துவிட்டு மதினி பழத்தின் பக்கம் போனாள். பழம் நன்றாகப் பழுத்து, காம்பு தளர்ந்து நின்றது. செடியைத் தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனால் அந்த ஆட்டத்தில் விழுந்துவிடும் என்று இங்கேயே விட்டாள். அந்த ஒரு வாரமும் ஃபேனைப் போடவில்லை. பழத்துக்கு அடியில் மதினியின் பழைய துப்பட்டாவைப் பிள்ளைக்குக் கட்டுகிற ஏணை மாதிரி கட்டினோம். மருமகள் கதவை மெல்லச் சாத்தினாள். மதினி தினமும் சாயங்காலம் அசர் தொழுதுவிட்டு வந்து இங்கேயே உட்கார்ந்திருப்பாள். நான் டார்ச் அடிக்க, அவள் இலையைத் திருப்புவாள். ஒரு வெள்ளைப் புள்ளி கண்டால் போதும், இரண்டு பேரும் சானிட்டைசருக்கு ஓடுவோம்.

அவன் வந்தான். கார் அவர்கள் வீட்டு வாசலில் நிற்க, மதினி அவனைச் செருப்பைக்கூடக் கழற்றவிடாமல் கையைப் பிடித்து எங்கள் ஹாலுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். மெலிந்திருந்தான். தலையில் முன்பக்கம் முடி குறைந்திருந்தது. செடியைப் பார்த்தவன் அப்படியே நின்றான்.

"காய்ச்சுட்டா உம்மா?"

"பறிலே," என்றாள்.

அவன் ஏணைக்குள் கையை விட்டான். பறிக்க வேண்டிய வேலையே இல்லை. பழம் கைக்கு வந்துவிட்டது. தரையில் உட்கார்ந்து உரித்தான். எலுமிச்சம்பழ அளவுதான் இருக்கும். ஒரு சுளையை வாயில் போட்டான். அவனுடைய ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

"எப்படிலே இருக்கு?"

மெல்லாமல் விழுங்கினான். "நல்லாருக்கு உம்மா."

மதினி ஒரு சுளை எடுத்து வாயில் வைத்தாள். காது வரைக்கும் முகம் சுருங்கியது. எனக்கும் ஒன்று கொடுத்தாள். நான் எத்தனையோ புளியங்காய் தின்றவள், எனக்கே பல் கூசி உச்சந்தலை சிலிர்த்தது.

"ஸ்வீட்டுன்னு சொல்லித்தான் குடுத்தான்," என்றான் அவன்.

"புளிக்கும்னு சொல்லி எவன்லே விப்பான்?"

அவன் சிரித்தான். மூன்று வருஷத்துக்கு அப்புறம் அந்தச் சிரிப்பை மதினி வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமி, கொஞ்சம் உப்பும் மெளகாப்பொடியும் இருக்கா?" என்று என்னிடம் கேட்டான். கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தேன். தொட்டுத் தொட்டு மீதிச் சுளைகளையும் தின்றான். விரலை நக்கினான். தொலியைக்கூட மோந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

"செடியில இன்னும் இருந்துச்சா உம்மா? இது ஒண்ணுதானா?"

நான் சுவரைப் பார்த்தேன்.

"ஒண்ணுதான்லே காய்ச்சுது," என்றாள் மதினி. என் பக்கம் திரும்பவே இல்லை. "அடுத்த வருசம் நெறைய காய்க்கும். நீ வா."

அவன் கிண்ணத்தின் அடியில் ஒட்டியிருந்த மிளகாய்ப் பொடியை விரலால் வழித்துக்கொண்டிருந்தான். நான் இன்னும் கொஞ்சம் உப்பு எடுக்க உள்ளே போனேன்.